ஊருக்குப் போகிறவர்களுக்கு: மூணு சீட்டுக் கூட்டத்தில் நிற்காதீர்கள்

பொங்கலுக்கோ கோவில் திருவிழாவுக்கோ தமிழ்நாட்டுக்குப் போகிறீர்களா? சந்தை ஓரத்திலோ பேருந்து நிலையத்துக்கு வெளியிலோ ஒருவர் சாக்கை விரித்து மூன்று சீட்டுகளைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டிருந்தால் நடையை நிறுத்தாதீர்கள். ராணி எது என்று காட்டினால் வைத்த காசு இரட்டிப்பு என்பார். "வை ராஜா வை, ஒண்ணு வச்சா ரெண்டு!"

கண்ணுக்கு வேகம் போதாமல்தான் தோற்கிறோம் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில், சீட்டு ஆட்டுபவர் ஒரு கையில் இரண்டு சீட்டுகளை மேலும் கீழுமாகப் பிடித்திருப்பார். கீழே இருக்கும் ராணி விழுந்தது என்று நாம் நம்பும்போது மேல் சீட்டை நழுவவிட்டிருப்பார். அதன்பிறகு எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் தப்பான சீட்டைத்தான் துரத்துவோம்.

சரி, வித்தைதான் தெரிந்துவிட்டதே என்று உட்கார்ந்துவிடாதீர்கள். அப்படி நினைக்கிற ஆள்தான் அவர்களுக்கு வேண்டும். ஜெயித்துக்கொண்டே இருப்பவர், தோற்றுத் தலையில் அடித்துக்கொள்பவர், "அண்ணே, நடு சீட்டு" என்று காதில் ஓதுபவர் எல்லாரும் ஒரே கோஷ்டி. ஆட்டுபவர் பீடி பற்றவைக்கத் திரும்புவார். ஒருவர் ராணியின் மூலையை லேசாக மடித்துவிட்டு உங்களைப் பார்த்துக் கண்ணடிப்பார். ஏமாற்றுகிறவனையே ஏமாற்றலாம் என்ற ஆசையில் ஐந்நூறு ரூபாய்த் தாள்கள் வெளியே வரும். அதற்குள் ராணியின் மடிப்பு நேராகி, வேறு சீட்டின் மூலை மடிந்திருக்கும்! தப்பித் தவறிச் சரியான சீட்டில் கை வைத்தாலும், கோஷ்டியில் ஒருவர் வேறு சீட்டில் அதிகப் பணம் வைப்பார், பெரிய பந்தயம்தான் செல்லும் என்று உங்கள் காசைத் தள்ளிவிடுவார்கள். அதுவும் முடியாவிட்டால் "போலீஸ்!" என்று ஒரு குரல் எழும், சாக்கோடு எல்லாம் மறைந்துவிடும்.

காசு வைக்காமல் வேடிக்கை பார்ப்பதும் வேண்டாம். கழுத்தை நீட்டி நிற்பவரின் பர்ஸ்தான் பிக்பாக்கெட்காரனுக்கு வசதி.

தெருவில் பணம் வைத்து ஆடுவது குற்றம். சென்னையில் 1888-ஆம் ஆண்டு மாநகரக் காவல் சட்டம், மற்ற ஊர்களில் 1930-ஆம் ஆண்டு சூதாட்டச் சட்டம். காசு வைத்தவரும் மாட்டலாம்.

பணம் போய்விட்டால் அங்கேயே நின்று சண்டை பிடிக்காதீர்கள்; அவர்கள் தனியாக இல்லை. மிரட்டினாலோ பை பறிபோனாலோ 112-ஐ அழையுங்கள். வெளிநாட்டு பாஸ்போர்ட் தொலைந்திருந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து அதன் நகலைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் நாட்டுத் தூதரகத்தில் புதிய பயண ஆவணம் கேட்கும்போது அது தேவைப்படும்.