பார்த்துக் கற்கும் பிள்ளையா, கேட்டுக் கற்கும் பிள்ளையா? புதிய ஆசிரியர்களுக்கு ஒரு செய்முறை

சில பிள்ளைகள் பார்த்துக் கற்பார்கள், சிலர் கேட்டு, சிலர் படித்தும் எழுதியும், சிலர் கையால் செய்து. ஒவ்வொருவருடைய பாணியையும் கண்டுபிடித்து அதற்கேற்ப நடத்தினால் பாடம் மண்டையில் ஏறும். பி.எட். வகுப்பிலோ பயிற்சி முகாமிலோ இதைக் கேட்காதவர்கள் குறைவு. இந்த நாலு வகைப் பிரிவை 'வார்க்' என்ற பெயரில் பரப்பியவர் நியூசிலாந்தைச் சேர்ந்த நீல் ஃபிளெமிங். 16 கேள்விகள் கொண்ட அதன் வினாத்தாளை இன்றும் பலர் மாணவர்களுக்குக் கொடுக்கிறார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2008-இல் ஹரோல்ட் பாஷ்லர் உள்ளிட்ட நான்கு உளவியலாளர்கள் அதுவரை வந்திருந்த ஆய்வுகளைத் துருவிப் பார்த்தபோது, பாணிக்குப் பொருத்தி நடத்தினால் பிள்ளை கூடுதலாகக் கற்கிறது என்று சொல்லப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை. படம் பார்க்கப் பிடிக்கும் என்று ஒரு பிள்ளை சொல்வது உண்மையாகவே இருக்கலாம். படம் காட்டினால்தான் அதற்குப் புரியும் என்று அதிலிருந்து முடிவுகட்ட முடியாது.

அதற்காக நாற்பது பேருக்கும் ஒரே பாட்டைப் பாடவும் வேண்டாம். பிள்ளைகள் வேறுபடுவது முக்கியமாக ஓரிடத்தில்: ஏற்கெனவே என்ன தெரியும் என்பதில். தமிழ்நாட்டில் தொடக்க வகுப்புகளுக்காக 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பதும் கற்றல் நிலையை வைத்துத்தான். ஆறாம் வகுப்புப் பின்னக் கூட்டலை எடுத்துக்கொண்டு இதை எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

படி 1: துண்டுச் சீட்டு

பாடம் தொடங்குவதற்கு முந்தைய நாள் ஆளுக்கொரு சீட்டு கொடுத்து இரண்டே கேள்விகள் கேளுங்கள். 1/3, 1/4 இவற்றில் எது பெரியது, ஏன்? 1/2 + 1/3 எவ்வளவு? பெயர் எழுதச் சொல்லுங்கள், மதிப்பெண் போடாதீர்கள். போட்டால் பக்கத்துப் பெஞ்சைப் பார்த்து எழுதிவிடுவார்கள்.

படி 2: மூன்று குவியல்

மூன்றைவிட நான்கு பெரியது, அதனால் 1/4-தான் பெரியது என்று எழுதியவர்கள் முதல் குவியல். அதைச் சரியாகச் சொல்லிவிட்டு, கூட்டலில் தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டி 2/5 என்று எழுதியவர்கள் இரண்டாவது. 5/6 என்று எழுதியவர்கள் மூன்றாவது. 'ஏன்' என்ற கேள்விக்கு வந்த பதிலைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும், விடை குருட்டாம்போக்கிலும் சரியாகிவிடும்.

படி 3: பாடம் எதைக் கேட்கிறது?

எந்த வழியில் நடத்துவது என்பதைப் பாடப்பொருளே சொல்லும். ஆத்திசூடியை வாய்விட்டுச் சொல்லாமல் கற்பிக்க முடியாது. இந்திய வரைபடத்தை எவ்வளவு நேரம் வாயால் விவரித்தாலும் பயனில்லை, படத்தைப் பார்த்தே ஆகவேண்டும். பின்னத்துக்குக் கையில் ஒரு பொருள், பிறகு படம், பிறகு எண், கூடவே பேச்சு என எல்லாமே எல்லாப் பிள்ளைகளுக்கும் வேண்டும்.

படி 4: பன்னிரண்டு கட்டம்

கட்டம் போட்ட கணக்கு நோட்டிலிருந்து 12 கட்டம் நீளத்துக்குக் காகிதப் பட்டைகள் வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு முழுப் பட்டைதான் 1. அதில் பாதி எத்தனை கட்டம்? ஆறு. மூன்றில் ஒரு பங்கு? நான்கு. இரண்டுக்கும் வண்ணம் அடித்தால் பத்துக் கட்டம், அதாவது 10/12, சுருக்கினால் 5/6.

இப்போது 2/5 என்று எழுதிய பிள்ளையிடம் கேளுங்கள்: "பாதியோட இன்னும் கொஞ்சம் சேர்த்தோம். பாதியை விடக் குறையுமாடா?" 2/5 பாதியைவிடச் சிறியது. அது பிடிபடும்வரை நீங்கள் வாய் திறக்காமல் இருப்பதுதான் கஷ்டம். விடையைச் சொல்ல நாக்கு துடிக்கும். பொறுங்கள்.

முதல் குவியல் பிள்ளைகளுக்குக் கூட்டல் இன்றைக்கு வேண்டாம். ஒரே நீளப் பட்டைகளில் மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று, ஆறில் ஒன்று வெட்டி, பெரியதிலிருந்து சிறியது வரை அடுக்கட்டும். மூன்றாவது குவியலுக்கு 1/2 + 1/5 கொடுங்கள். 12 கட்டப் பட்டையை ஐந்தாகப் பிரித்தால் கட்டம் முழுசாக வராது. எத்தனை கட்டப் பட்டை வேண்டும் என்று தேடி அவர்களே 10-க்கு வருவார்கள். மீச்சிறு பொது மடங்கு என்ற பெயரை அதற்குப் பிறகு கரும்பலகையில் எழுதினால் போதும்.

இடையில் ஒன்று. கரும்பலகையைக் கண்ணை இடுக்கிப் பார்க்கிற பிள்ளை, கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, வாயால் சரியாகச் சொல்லியும் எழுத்தில் தொடர்ந்து தடுமாறுகிற பிள்ளை, இவர்களைப் 'பாணி' என்ற கணக்கில் சேர்க்கக் கூடாது. பெற்றோரிடம் பேசி, கண், காது பரிசோதனைக்கும் கற்றல் குறைபாட்டு மதிப்பீட்டுக்கும் அனுப்புங்கள்.

படி 5: பட்டையை எடுத்துவிடுங்கள்

மறுநாள் பட்டையும் இல்லை, நோட்டும் மூடியிருக்க வேண்டும். 1/4 + 1/6 கொடுத்து, முதலில் பட்டையை மனதில் நினைத்துப் படம் வரையச் சொல்லுங்கள், அப்புறம் எண். வராவிட்டால் ஒரு நிமிடம் யோசிக்க விட்டு, அதன்பின் பட்டையைத் திரும்பக் கொடுக்கலாம். நினைவிலிருந்து இழுத்து எடுப்பது திரும்பப் படிப்பதைவிட நன்றாகப் பதியும்.

ஒரு வாரம் கழித்து அதே துண்டுச் சீட்டை எண்களை மாற்றிக் கொடுங்கள். குவியல்கள் கலைந்திருக்கும். போன வாரம் யார் எதில் இருந்தார்கள் என்று பாராமல் புதிதாகப் பிரியுங்கள்.