மேயர் ஆகிவிட்டீர்களா? முதலில் ஊருணிக்கரைக்கு வாருங்கள்

காரைக்குடி 1928-ல் நகராட்சி ஆனது, 2024-ல் மாநகராட்சி ஆனது. கோட்டையூர், கண்டனூர், சங்கராபுரம் என்று சுற்றியிருந்த ஊர்களும் இப்போது அதற்குள்தான். இனி மேயர் நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் ஒன்றை மறக்கக் கூடாது. உங்களைத் தேர்ந்தெடுத்தது கவுன்சிலர்கள், தெருவில் நிற்பவர் ஓட்டுப் போட்டது அவருடைய வார்டு கவுன்சிலருக்கு. பல பேருக்கு நீங்கள் பேனரில் பார்த்த முகம் மட்டும்தான், அதனால் நீங்கள்தான் அவர்களைத் தேடிப் போக வேண்டும்.

காலை ஆறு மணிக்கு நடந்தே போங்கள். கார், போட்டோகிராபர், சால்வை எதுவும் வேண்டாம். உதவிப் பொறியாளர், அந்தத் தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிடுபவர், தூய்மைப் பணியாளர், கவுன்சிலர் இவர்கள் போதும். கவுன்சிலரை விட்டுவிட்டு மட்டும் போகாதீர்கள், நீங்கள் திரும்பியதும் வேலை அப்படியே நின்றுவிடும். எந்தச் சந்தில் தண்ணீர் ஏறாது, எந்தச் சாக்கடை முதல் மழைக்கே பொங்கும் என்று தூய்மைப் பணியாளரிடம் கேளுங்கள், எந்தக் கோப்பிலும் இல்லாததை அவர் சொல்வார்.

முதல் நடை ஊருணிக்கு. நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் ஓட்டில் விழும் மழை முற்றத்தில் இறங்கி, வாய்க்கால் பிடித்து ஊருணிக்குப் போய்ச் சேரும்படி கட்டிவைத்தார்கள். நீங்கள் ஊருணியில் ஆரம்பித்து அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலைப் பிடித்துக்கொண்டு மேலே போங்கள். ஓரிடத்தில் யாரோ வாசல்படியை வாய்க்கால் மேலேயே கட்டியிருப்பார், கொஞ்சம் தள்ளி சிமெண்ட் குழாயின் வாயில் கேரிபேக்கும் செங்கல் இடிபாடும் அடைத்து மேலே கோரை முளைத்திருக்கும், அதையும் தாண்டினால் ஒரு வீட்டுக் கழிவுநீர்க் குழாய் நேராக அதில் இறங்கும். அங்கேயே நின்று அந்த வீட்டுக்காரரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். நோட்டீஸ் பிறகு அனுப்பலாம், நேரில் பேசினால் பாதிப் பேர் தாங்களே எடுத்துவிடுவார்கள். தூர்வார மக்களும் ஒரு பங்கு போடத் தயார் என்றால் 'நமக்கு நாமே' திட்டம் இருக்கிறது, அதையும் கரையில் நின்றே சொல்லுங்கள்.

அப்புறம் கேள்வி கேட்கும் முறை. 'என்ன குறை?' என்று கேட்டால் முப்பது குறை வரும், முப்பதுக்கும் தலையாட்டிவிட்டு வர வேண்டியதுதான். 'இந்தத் தெருவுக்கு இந்த வருஷம் ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும், எது வேண்டும்?' என்று கேட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரம் அவர்களுக்குள்ளேயே வாக்குவாதம் நடக்கும், நடக்கட்டும். விளக்கா, ரோடா என்று ஆண்கள் பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் குடத்தோடு நிற்கும் அப்பத்தா, "தண்ணி வருது தம்பி, கடைசி வீட்டுக்கு வர்றப்ப நூலாட்டம் வருது" என்பார். அதைத்தான் முதலில் எழுத வேண்டும்.

புதிதாகச் சேர்ந்த ஊர்களில் இன்னும் பொறுமை வேண்டும். அங்கே கிராமசபை போய்விட்டது, நூறு நாள் வேலை போகுமே, வரி ஏறுமே என்ற பயம் இருக்கிறது. 'மாநகராட்சி ஆனதால் வளர்ச்சி' என்று பேச ஆரம்பிக்காதீர்கள், கோபம்தான் வரும். வரி எப்படிக் கணக்கிடப்படும் என்று ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு, காகிதத்தில் போட்டுக் காட்டுங்கள். கிராமசபைக்குப் பதிலாக மாநகராட்சியில் வார்டு குழுவும், வார்டின் ஒரு பகுதி வாக்காளர்கள் கூடிப் பேசும் பகுதி சபாவும் உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. அந்தக் கூட்டத்தை மண்டபத்துக்குள் நடத்தாமல் ஏற்கெனவே ஜனங்கள் கூடும் இடத்தில் வையுங்கள், கோவில் திடலோ பள்ளிக்கூட மைதானமோ எதுவானாலும் சரி, பெண்கள் வரக்கூடிய நேரமாக இருக்க வேண்டும்.

பூட்டிக் கிடக்கும் வீடுகளையும் கணக்கில் எடுங்கள், செட்டிநாட்டில் இது பெரிய விஷயம். உரிமையாளர்கள் சென்னையில், சிங்கப்பூரில், மலேசியாவில் இருப்பார்கள், கல்யாணத்துக்கும் கோவில் விசேஷத்துக்கும்தான் ஊருக்கு வருவார்கள். ஊருணி, வாய்க்கால், பொது இடம் என்று பலவற்றில் அவர்கள் குடும்பத்தின் சம்மதமோ உதவியோ தேவைப்படும். அவர்கள் வந்திருக்கும் நாளாகப் பார்த்து ஒரு கூட்டம் போடுங்கள், மற்ற நாட்களில் வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் போன் நம்பர் வாங்கி வையுங்கள்.

கடைசியாக, திரும்பிப் போவது. பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். கேட்டதை எழுதினீர்கள் அல்லவா, ஒரு மாதத்துக்குள் அதே தெருவுக்குப் போய், எது முடிந்தது, எது நடக்கிறது, எது முடியாது, ஏன் முடியாது என்று ரேஷன் கடைச் சுவரில் ஒரு பெரிய தாளில் எழுதி ஒட்டுங்கள். 'ஆவன செய்யப்படும்' என்று எழுதாதீர்கள். பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிய ரோட்டை எப்போது போடுவீர்கள் என்று கேட்டால் தேதி சொல்லுங்கள். தேதி கையில் இல்லையென்றால் எந்த வேலை முடிந்தால் தேதி கிடைக்கும், அதற்கு எந்த அதிகாரி பொறுப்பு, அவர் எத்தனை மணிக்கு அலுவலகத்தில் இருப்பார் என்பதையாவது அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள்.