காட்டில் கங்காருவைப் பார்ப்பது எப்படி?

கான்பெரா பக்கம் நமாட்ஜி தேசியப் பூங்காவுக்குப் போனால் நடுப்பகலில் கங்காருவைத் தேடி அலையாதீர்கள், அந்த வெயிலில் அவை மர நிழலில் படுத்து, சூடு தணிய முன்னங்கைகளை நக்கிக்கொண்டிருக்கும். விடியற்காலையோ பொழுது சாயும் நேரமோதான் சரி, புல்வெளிக்கு மேய வந்துவிடும். அசையாமல் நின்று வாலைக் கவனியுங்கள்: மெதுவாக நகரும்போது முன்னங்கைகளையும் வாலையும் தரையில் ஊன்றி, பின்கால்கள் இரண்டையும் ஒன்றாகத் தூக்கி முன்னால் வைக்கும், வால் அங்கே ஐந்தாவது கால். எனக்குத் துள்ளலைவிட இதுதான் அழகு. அப்புறம், ஒரு கங்காரு நிமிர்ந்து உங்களையே பார்த்தாலோ பின்காலால் தரையில் ஓங்கித் தட்டினாலோ ரொம்ப நெருங்கிவிட்டீர்கள், பின்வாங்குங்கள். பையில் குட்டி வைத்திருக்கும் தாயை மிரட்டவே கூடாது, ஓடுகிற ஓட்டத்தில் குட்டி வெளியே விழுந்துவிடலாம். ரொட்டி எதுவும் போடாதீர்கள்.