கொலை வழக்கைச் சொல்லும்போது: இறந்தவர் வீட்டாரும் கேட்பார்கள்

தமிழில் குற்ற வழக்குகளைக் காணொளியாகவோ ஒலிப்பதிவாகவோ சொல்லப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் போன வாரம் நடந்த கொலையைத்தான் எடுக்கிறார்கள். பார்வை எண்ணிக்கை அதில்தான் வரும். தவறும் அதில்தான் வரும். பதினாறாம் நாள் காரியம்கூட முடியாத ஒரு வீட்டைப் பற்றி, காவல்துறை செய்தியாளர் சந்திப்பில் சொன்னதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் பேச வேண்டியிருக்கும். அந்த அரைமணி நேரத்தை நிரப்புவது ஊகம்தான்.

ஆகவே, விசாரணை நீதிமன்றத் தீர்ப்பாவது வந்துவிட்ட வழக்கை எடுங்கள். மேல்முறையீடும் முடிந்திருந்தால் இன்னும் நல்லது. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் நடந்த ஆணவக் கொலையில், 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. 2020 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், கொல்லப்பட்ட இளைஞரின் மனைவியுடைய தந்தையை விடுதலை செய்தது. மற்ற ஐவரின் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. முதல் தீர்ப்போடு நிறுத்தி வெளியிட்டவர்களின் காணொளி இரண்டரை ஆண்டுகளில் பொய்த்துப்போனது.

தீர்ப்பே வராமல் முடிந்த வழக்குகளும் உண்டு. நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் 2016 ஜூன் 24 காலை நடந்த கொலையில் கைதானவர், அதே ஆண்டு செப்டம்பரில் புழல் சிறையில் இறந்தார். நீதிமன்ற விசாரணை நடக்கவே இல்லை. அவரைக் "கொலையாளி" என்று உறுதியாகச் சொல்லவும் முடியாது, "அப்பாவி" என்று தீர்ப்பெழுதவும் முடியாது. "கைது செய்யப்பட்டவர்", "காவல்துறை குற்றம் சாட்டியவர்" என்ற சொற்களோடு கடைசிவரை போகத் தெம்பு இருந்தால் மட்டும் இப்படிப்பட்ட வழக்கைத் தொடுங்கள்.

காகிதம் முதலில்

நாளிதழ்ச் செய்தியிலிருந்து தொடங்காதீர்கள். குற்ற எண் (முதல் தகவல் அறிக்கையின் எண்), காவல் நிலையம், ஆண்டு மூன்றும் தெரிந்தால் போதும். நீதிமன்ற வழக்குகளைத் தேடும் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் முதல் தகவல் அறிக்கை எண்ணைக் கொண்டே வழக்கைத் தேடலாம். கிடைக்கும் 16 இலக்க சிஎன்ஆர் எண்ணை, அதாவது அந்த வழக்குக்கான தனி அடையாள எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். வாய்தா தேதிகள், உத்தரவுகள், பல வழக்குகளில் தீர்ப்பின் நகல் எல்லாம் அந்த ஒரு எண்ணில் கிடைக்கும். கொலை வழக்கு முதலில் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் பி.ஆர்.சி. எண்ணில் (அமர்வு நீதிமன்றத்துக்குப் போகும் முன் தரும் எண்) இருக்கும், பிறகு அமர்வு நீதிமன்றத்துக்குப் போய் எஸ்.சி. (அமர்வு வழக்கு) எண் வாங்கும். ஒரே வழக்குக்கு மூன்று எண்கள் இருப்பதைப் பார்த்து மூன்று வழக்குகள் என்று சொன்னவர்களும் உண்டு. தென் மாவட்ட வழக்கென்றால் மேல்முறையீட்டை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் பதிவுகளில் தேடுங்கள்.

தீர்ப்பைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பது நல்லது. அங்கேதான் அரசுத் தரப்புச் சாட்சிகள், சான்று ஆவணங்கள், சான்றுப் பொருட்கள் ஆகியவற்றின் பட்டியல் இருக்கும். யார் என்ன சொல்ல வந்தார்கள், எந்தத் தேதியில் எந்த மகசர் (சாட்சிகள் முன்னிலையில் போலீஸ் எழுதும் பதிவு) எழுதப்பட்டது என்பதெல்லாம் இரண்டு பக்கங்களில் தெரிந்துவிடும். சான்றுப் பொருட்களை நிதானமாகப் பாருங்கள். ஒரு ஜோடி செருப்பு, டிபன் பாக்ஸ், பஸ் பாஸ், உடைந்த கைபேசி. இறந்தவர் அன்று காலை வீட்டிலிருந்து எப்படிக் கிளம்பினார் என்பதை எந்தச் செய்தியும் இவ்வளவு சொல்லியிருக்காது.

பிறகு ஒரு தாளில் அட்டவணைபோல மேலிருந்து கீழாக நான்கு பத்தி போடுங்கள். நாள், நேரம் முதல் பத்தி, நடந்தது இரண்டாவது, யார் சொன்னது, எந்தச் சாட்சி எண், எந்த ஆவணம் என்பது மூன்றாவது, நீதிமன்றம் அதை ஏற்றதா இல்லையா என்பது நான்காவது. மூன்றாவது பத்தி காலியாக இருக்கும் எதுவும் எழுத்துப் பிரதிக்குள் வரக் கூடாது. "மழை கொட்டிக்கொண்டிருந்த அந்த இரவு" என்று எழுதக் கை துறுதுறுக்கும். மழை பெய்ததாக எந்தச் சாட்சியும் சொல்லவில்லை என்றால் மழை இல்லை.

அதிகம் பேர் சறுக்குவது "பரபரப்பு வாக்குமூலம்" என்ற இடத்தில். காவல்துறையிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்து ஒருவரைத் தண்டிக்க முடியாது. பழைய சாட்சியச் சட்டத்தின் 25ஆவது பிரிவு சொன்னதையே 2023ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய அதினியத்தில் 23ஆவது பிரிவு சொல்கிறது. அந்த வாக்குமூலத்தைத் தொடர்ந்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் அது தொடர்பான பகுதி மட்டுமே சான்றாகும். கொலைக்கான காரணம், இறந்தவரின் நடத்தை பற்றி நாளிதழில் வந்த முக்கால்வாசி இந்த வாக்குமூலத்திலிருந்து வந்ததுதான். அதாவது, இறந்தவரைப் பற்றி நமக்குத் தெரிந்ததாக நினைப்பது பெரும்பாலும் கைதானவர் சொன்னதாகப் போலீஸ் சொன்னது. பதில் சொல்ல அவர் உயிரோடு இல்லை.

யாரென்று தெரியக் கூடாதவர்கள்

பாலியல் வன்கொடுமை வழக்கில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிட்டால் இரண்டு ஆண்டுவரை சிறையும் அபராதமும் உண்டு. முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 228ஏ. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆவது பிரிவு. உயிரோடு இருக்கும் வயதுவந்தவர் எழுத்தில் சம்மதம் தரலாம். இறந்துவிட்டவர் என்றால் குடும்பம் ஒப்புக்கொண்டாலும் போதாது. பெயரைச் சொல்ல வேண்டிய காரணம் இருக்கிறதா என்பதை அமர்வு நீதிபதிதான் முடிவுசெய்ய வேண்டும் என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குழந்தைகள் விஷயத்தில் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆவது பிரிவு இன்னும் இறுக்கம்: பெயர், முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் எதுவும் கூடாது. சட்டத்தோடு முரண்பட்ட, அதாவது குற்றம் சாட்டப்பட்ட சிறார்களுக்கும் இளைஞர் நீதிச் சட்டம் 74ஆவது பிரிவு இதே காப்பைத் தருகிறது.

"போலீசே சொல்லிவிட்டதே" என்பது சாக்காகாது. 2019இல் பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில் புகார் கொடுத்த பெண்ணின் பெயர் காவல்துறை அதிகாரியின் செய்தியாளர் சந்திப்பிலேயே வெளிவந்தது. அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் நடந்த பாலியல் குற்றத்தில் முதல் தகவல் அறிக்கையே கசிந்தது. அதற்கும் 25 லட்சம் இடைக்கால இழப்பீடு. அந்த அறிக்கை எழுதப்பட்ட விதமே பெண்ணைக் குற்றம் சொல்வதாக இருக்கிறது என்று உயர் நீதிமன்றம் கண்டித்தது. கசிந்த தாள் கைபேசிக்கு வந்தால் அழித்துவிடுங்கள். மங்கலாக்கித் திரையில் காட்டுவதும் வேண்டாம்.

பெயரை மாற்றிவிட்டால் போதும் என்று நினைப்பது இன்னொரு பிழை. "திருப்பூர் பக்கம் ஒரு கிராமம். அப்பா பால் சொசைட்டியில் வேலை. அக்கா நர்ஸ். இவர் பத்தாம் வகுப்பில் பள்ளி முதலிடம்." பெயர் எதுவும் இல்லை, ஆனால் அந்த வட்டாரத்தில் யாருக்கும் சந்தேகம் இருக்காது. ஒவ்வொரு விவரத்தையும் தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, சேர்த்துப் பார்த்தால் வீட்டு வாசல் தெரியும். மாவட்டம், வயது, தொழில், குடும்ப அமைப்பு, படிப்பு ஆகிய ஐந்தில் இரண்டுக்கு மேல் வைக்காதீர்கள். தெருமுனையில் ஒட்டிய "கண்ணீர் அஞ்சலி" சுவரொட்டியைப் படமாகப் போடுவதும் இதே வகை. அதில் அப்பா பெயர், சித்தப்பா பெயர், கைபேசி எண்வரை இருக்கும்.

வீட்டுக்குப் போவது

நேராகக் கதவைத் தட்டாதீர்கள். வழக்கை நடத்திய வழக்கறிஞர், உடன் நின்ற அமைப்பு, ஊரில் அவர்கள் நம்பும் ஒருவர் என யாராவது ஒருவர் வழியாகச் சொல்லியனுப்புங்கள். "வரலாமா" என்று கேட்பதோடு "வேண்டாம் என்றால் இத்தோடு விட்டுவிடுகிறோம்" என்பதும் அந்த முதல் செய்தியிலேயே இருக்க வேண்டும். இரண்டு வாரம் பதில் வராவிட்டால் அது மறுப்புத்தான். திதி, பிறந்த நாள், தீர்ப்பு நாள் அருகில் போகாதீர்கள். வெளியீட்டுக்கும் அந்தத் தேதிகளைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

முதல் சந்திப்பில் கேமரா பையைத் திறக்க வேண்டாம். "அம்மா, இதைக் கேட்டு யாருக்கும் தண்டனை அதிகமாகாது, குறையாது, எங்களால் நியாயம் வாங்கித் தர முடியாது" என்று வாயால் சொல்லிவிடுங்கள். பல வீடுகளில் வந்திருப்பது பத்திரிகையா, அரசாங்கமா, வக்கீலா என்று புரியாமலே பேசுவார்கள். பதிவு 40 நிமிடத்துக்குள் முடியட்டும். கொலை நடந்த நாளைப் பற்றிக் கேட்கவே தேவையில்லை, அது தீர்ப்பில் இருக்கிறது. அவர்களிடம் மட்டும் இருப்பதைக் கேளுங்கள்: என்ன சாப்பிடப் பிடிக்கும், எதற்குக் கோபம் வரும், வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள். அழுதால் பதிவை நிறுத்துங்கள். ஓடவிட்டுப் பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்பது அந்த அறையில் இருப்பவருக்குத் தெரியாது. அவர் பார்ப்பது சிவப்பு விளக்கைத்தான்.

குடும்பம் என்பது ஒரே குரலாகவும் இருக்காது. அண்ணன் சம்மதிப்பார், தாய் வேண்டாம் என்பார். ஆணவக் கொலையில் கொன்றவர்களும் குடும்பமே. யாரிடம் சம்மதம் வாங்கினீர்கள் என்பதைப் பெயர், தேதியோடு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இறந்தவரைப் பற்றிய பகுதியை வெளியிடுவதற்கு 7 நாள் முன்பு தொலைபேசியில் படித்துக் காட்டுங்கள். தகவல் பிழைகளை அவர்கள் திருத்தலாம். தீர்ப்பில் உள்ளதை மாற்றச் சொன்னால் முடியாது என்பதையும் முன்பே சொல்லிவிட வேண்டும். படம் அவர்கள் தேர்ந்தெடுத்துத் தருவதாக இருக்கட்டும்.

எதிர்த்தரப்பிலும் ஒரு வீடு இருக்கிறது. தண்டனை பெற்றவரின் மனைவி, பள்ளிக்குப் போகும் பிள்ளை யாரும் குற்றம் செய்யவில்லை. அவர்கள் பெயருக்குக் கதையில் வேலை கிடையாது.

எழுதுவது

நிமிடத்துக்குச் சுமார் 100 சொல் என்று வைத்தால் 30 நிமிடத்துக்கு 3000 சொல். அதில் 600 சொல் இறந்தவரின் வாழ்க்கைக்கு. கொலைக்கு 200 போதும். காயங்களின் எண்ணிக்கை, ஆழமெல்லாம் தீர்ப்பையே திருப்பிய இடத்தில் மட்டும் வரட்டும். மிச்சத்தில் பெரும்பகுதியைப் பிறகு நடந்தவற்றுக்குக் கொடுங்கள். அதைத்தான் யாரும் சொல்வதில்லை. விருத்தாசலம் அருகே 2003 ஜூலையில் சாதி மாறி மணந்த இணையருக்கு விஷம் கொடுத்துக் கொன்று எரித்த வழக்கில் தீர்ப்பு வந்தது 2021 செப்டம்பரில். உயர் நீதிமன்றம் 2022இல், உச்ச நீதிமன்றம் 2025இல். கொலை ஒரு நாளில் முடிந்தது. வீட்டார் 22 ஆண்டு நீதிமன்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாய்தாவுக்குப் போன பஸ், போன கூலி, சமாதானம் பேச வந்தவர்கள் எல்லாம் கதைதான்.

இந்த மாதிரி வழக்கில் "இரு வேறு சமூகத்தினர்" என்று பூசி மெழுகினால் அது பொய். சாதிதான் கொலைக்குக் காரணம் என்று நீதிமன்றம் கண்டிருந்தால் சாதியைச் சொல்லுங்கள். அது காரணமில்லாத வழக்கில் யாருடைய சாதியும் வேண்டாம்.

சொற்களில் தமிழுக்கென்றே சில கண்ணிகள் உண்டு. "கள்ளக்காதல்", "உல்லாசம்", "கற்பழிப்பு", "கௌரவக் கொலை", "அழகி" எல்லாம் வெளியே. ஆனால் சொல்லை மாற்றுவதைவிட வாக்கிய அமைப்பை மாற்றுவது கடினம். இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: "காதலை ஏற்க மறுத்ததால் ஆத்திரமடைந்த வாலிபர் மாணவியைச் சரமாரியாகக் குத்திக் கொன்றார்." இதில் கொலைக்குக் காரணம் அவள் மறுத்தது. இப்படி எழுதலாம்: "ஆறு மாதமாக மாணவியைப் பின்தொடர்ந்து வந்தவர், அன்று காலை அவரைக் கத்தியால் குத்திக் கொன்றார். தொந்தரவு பற்றி மாணவி வீட்டில் சொல்லியிருந்தார்." இரண்டாவதிலும் மறுப்பு புரிகிறது, ஆனால் குற்றம் அதைச் செய்தவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆறு மாதம் என்பதும் வீட்டில் சொன்னதும் நான்கு பத்தித் தாளில் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அவன், அவள், அவர் எது என்பதில் சண்டையே நடக்கும். கைதானவருக்கு "அவன்", போலீஸ் அதிகாரிக்கு "அவர்", இறந்த பெண்ணுக்கு "அவள்" என்று பலர் தன்னையறியாமல் பேசுகிறார்கள். எல்லோருக்கும் "அவர்" என்பதே சரி என்று நினைக்கிறோம். கொலை செய்தவருக்கு மரியாதையா என்று கேட்டு வரும் கோபத்தைத் தாங்கிக்கொள்ளலாம். குழந்தை என்றால் வீட்டில் கூப்பிட்டபடி இருக்கட்டும். வட்டார வழக்கைப் போலிசெய்து சாட்சியைப் பேசவைக்காதீர்கள், கேலியாகத்தான் முடியும்.

சாட்சி பிறழ்ந்தால், அதாவது முன்பு சொன்னதை நீதிமன்றத்தில் மாற்றிச் சொன்னால், உடனே "விலைபோனார்" என்று எழுதுகிறார்கள். அவரும் அதே தெருவில், அதே குழாயடியில் நிற்க வேண்டியவர். பொள்ளாச்சி வழக்கில் 2025 மே 13 அன்று ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கிடைத்தபோது, ஒரு சாட்சிகூடப் பிறழவில்லை என்று அரசு வழக்கறிஞர் சொன்னார். மற்றப் பெண்களின் அடையாளமும் காக்கப்படாவிட்டால் அது நடந்திருக்குமா என்று யோசியுங்கள்.

வெளியிட்ட பிறகு

முகப்புப் படத்தில் ரத்தம், சிவப்பு வட்டம், அழும் தாய் மூன்றும் வேண்டாம். மரணத்தைச் சொல்லும் பகுதியில் இசையை நிறுத்துங்கள். அதற்கு 5 நிமிடம் முன்னும் பின்னும் விளம்பர இடைவெளியை வைக்காதீர்கள். தானாக விளம்பரம் செருகும் வசதியை அணைக்காவிட்டால் உடலைக் கண்டெடுக்கும் வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவே பிரியாணி மசாலா வந்து நிற்கும். உயிரை மாய்த்துக்கொண்ட மரணம் கதைக்குள் இருந்தால் முறையை விவரிக்காமல் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணைச் சொல்லுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098. பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுப்போடலாம் என்று விவரக் குறிப்பில் ஒரு வரி சேருங்கள். பல குடும்பங்களுக்கு அது தெரியாது.

முதல் 48 மணி நேரம் பின்னூட்டங்களை நீங்களே பாருங்கள். மறைத்த பெயரை யாராவது ஒருவர் கட்டாயம் எழுதுவார், "நம்ம ஊரு பொண்ணுதான்" என்று. பெயர், ஊர், சாதிப் பெயர்களைத் தடைச்சொல் பட்டியலில் முன்பே போட்டுவைக்கலாம். தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும், எழுத்துப்பிழையோடு எழுதும் விதங்களிலும் சேர்த்து.

பிழை தெரிந்தால் விவரக் குறிப்பின் முதல் வரியில் தேதியோடு திருத்தம் போடுங்கள், ஒலியையும் வெட்டி மாற்றுங்கள். வீட்டார் பிறகு வந்து எடுத்துவிடச் சொன்னால் அன்றே மறைத்துவைத்துவிட்டுப் பேசலாம். மேல்முறையீடு நிலுவையில் உள்ள வழக்கின் சிஎன்ஆர் எண்ணையும் உயர் நீதிமன்ற மேல்முறையீட்டு எண்ணையும் ஒரு பட்டியலாக வைத்து மாதம் ஒருமுறை பாருங்கள். ஒவ்வொரு பதிவின் கீழும் "வழக்கின் நிலை இந்தத் தேதிவரை" என்று ஒரு வரி இருக்கட்டும்.