அம்மாவின் மச்சம்

2004 சுனாமியில் திருகோணமலையில் எங்கள் திருக்கடலூர் வீட்டுக்குள் கடல் வந்தபோது, சுவரில் இருந்த அம்மா அப்பாவின் கலியாணப் படமும் நனைந்தது. காய்ந்ததும் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. நகரில் ஒரு கடையில் உரித்துத் தருகிறோம் என்று தொடங்கி, அப்பாவின் தோளில் ஒரு துண்டைக் கிழித்துவிட்டார்கள். போதும் என்று அப்படியே வாங்கி வந்துவிட்டேன்.

போன மாதம் நானே இறங்கினேன். ஸ்கேனரில் வைத்தால், கண்ணாடியின் தடிப்பால் படம் மங்கலாக வந்தது. சரி என்று ஜன்னலோரம் சாய்த்து, கமராவைச் சுற்றிக் கறுப்புத் துணி பிடித்து எடுத்தேன். கண்ணாடிப் பளபளப்பு போய்விட்டது.

அடுத்தது மஞ்சள் கறை. கறுப்பு வெள்ளைப் படமென்றாலும் கலரில் எடுத்தது நல்லதாய்ப் போயிற்று. கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளில் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று சேனலாக, அதாவது நிறத்துக்கொரு படமாகப் பிரித்தேன். நீலத்தில் கறை கன்னங்கரேலென்று தெரிந்தது. சிவப்பில் கிட்டத்தட்ட இல்லை. சிவப்பை மட்டும் வைத்துக்கொண்டேன். பாதி வேலை அதோடு முடிந்தது.

கிழிந்த தோளுக்கு மற்றத் தோளைத் திருப்பி ஒட்டினேன். பூஞ்சணப் புள்ளிகளை, பக்கத்து இடத்தைக் கொண்டு மறைக்கும் ஹீல் கருவியால் ஒவ்வொன்றாக எடுத்ததில் மூன்று இரவு போனது. முகத்தைத் தானாகத் தெளிவாக்கும் செயலி ஒன்றையும் முயன்றேன். வந்தது யாரோ ஒரு நடிகை.

அச்சிட்டுக் கொடுத்தபோது அம்மா கிட்டப் பிடித்துப் பார்த்தார். “வடிவாத்தான் இருக்கு. என்ர மச்சம் எங்க மோனே?”

புள்ளியென்று அழித்திருக்கிறேன்! நல்லகாலம், திருத்தமெல்லாம் படத்துக்கு மேலே தனி லேயரில், அதாவது தனி அடுக்கில் இருந்தது. அந்த அடுக்கில் அந்த இடத்தை மட்டும் அழிப்பானால் தேய்த்தேன். மச்சம் திரும்பி வந்தது.