பலகையின் வயதைச் சொல்லும் வாள் தடம்

டொராண்டோவின் தி வில்லேஜ் அட் பிளாக் கிரீக் (முன்பு பிளாக் கிரீக் பயனியர் வில்லேஜ்) போன்ற திறந்தவெளி அருங்காட்சியகத்துக்குப் போனால், வண்ணம் பூசாத பலகைச் சுவரில் போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. சாய்ந்த வெளிச்சத்தில் வாள் அறுத்த தடம் எழும்பி நிற்கும். வழிகாட்டிக்குக் காத்திருக்காமலே பலகையின் காலத்தை ஊகித்துவிடலாம்.

பழைய காலத்தில் நீர்விசையால் ஓடிய மர அறுவை ஆலைகளில் வாள் மேலும் கீழுமாக ஏறி இறங்கியது. அதனால் பலகைக்குக் குறுக்கே நேர்கோடுகள் சீராக விழும். வட்டவாள் அறுத்தால் கோடு வில்லாக வளையும். அது பரவலானது 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியை ஒட்டித்தான். ஆகவே வளைகோடு கண்டால், பெரும்பாலும் அதற்குப் பிந்திய பலகை. நேர்கோட்டை மட்டும் வைத்து அடித்துச் சொல்லாதீர்கள். சிறிய ஆலைகள் பழைய வாளையே வெகுகாலம் ஓட்டின.

இழைத்து வழவழப்பாக்கிய பலகையில் இது பலிக்காது. பழுதுபார்த்தபோது மாற்றிய பலகையும் ஏமாற்றும். ஸ்கார்பரோவிலிருந்து கொண்டுவந்து நிறுத்திய ஹாஃப் வே ஹவுஸ் விடுதி போல இடம்பெயர்ந்த கட்டடங்களில் ஒரே பலகையை நம்பாமல் நாலைந்தைப் பாருங்கள். அதே அருங்காட்சியகத்தில், கட்டிய இடத்திலேயே நிற்கும் விவசாயி டேனியல் ஸ்டாங்கின் 1816 வீடு மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டியது. அதன் சுவரில் தேட வேண்டியது வாள் தடம் அல்ல, கோடரி வெட்டு.