பெட்டிமேல் இருக்கும் பெயரைப் பார்த்து லேப்டாப் வாங்காதீர்கள்

பினாங்கு புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் என் பெரியம்மா மகள் போன மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் கடையிலிருந்தே கூப்பிட்டார். "தம்பி, ஐ7 லேப்டாப்பாம். 1,399 ரிங்கிட்தான். இன்றைக்கு மட்டும்தான் இந்த விலையாம். எடுத்துடட்டுமா?" பின்னால் விற்பனைப் பையன் அவசரப்படுத்துவது காதில் விழுந்தது. "அக்கா, காசு கொடுத்திடாதீங்க. ஐ7க்கு அப்புறம் ஒரு எண் இருக்கும், அதை மட்டும் படிங்க" என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்: "செவன், ஃபைவ், சீரோ, சீரோ, யூ."

ஐ7-7500யூ 2016இல் வந்த சிப், அதாவது லேப்டாப்பின் மூளை. அதற்குள் வேலை செய்யும் பகுதியைக் கோர் என்பார்கள், இதில் இரண்டே கோர். விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் ஏற்றுக்கொண்ட சிப்களில் அது இல்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றுவிட்டது. அக்கா புதுசு என்று நினைத்தது, துடைத்துப் பளபளப்பாக்கிப் புதுப் பெட்டியில் வைத்த பழைய செட். நல்லவேளையாக, பணம் இன்னும் கைமாறவில்லை.

வீட்டுக்கு லேப்டாப் வாங்குகிறவர்கள் செய்யும் தவறுகளில் இதுதான் முதலாவது, பெரியதும்கூட. இன்டெல் நிறுவனச் சிப்களில் ஐ3, ஐ5, ஐ7 என்பது குடும்பப் பெயர் மாதிரி. ஆள் யார் என்பதை அதற்குப் பின்னால் வரும் எண்தான் சொல்லும். 2022இல் வந்த ஐ3-1215யூவில் ஆறு கோர் இருக்கிறது. பெயரில் 'சின்ன' ஐ3தான், ஆனால் அந்தப் பழைய ஐ7ஐவிட எவ்வளவோ மேல். பள்ளிப் பிள்ளைகள் இணையத்தில் படிக்கும் டெலிமா பாடங்கள், வங்கி வேலை, யூடியூப், வெளியூரில் படிக்கும் மகளோடு வீடியோ கால், எப்போதாவது ஒரு கடிதம், இவ்வளவுதான் வீட்டு வேலை என்றால் அது தாராளமாகப் போதும். இன்னும் எளிமையான உபயோகம் என்றால் நாலு கோர் உள்ள இன்டெல் என்100கூடச் சமாளித்துவிடும். என்4020, என்4500 என்று கண்டால் மட்டும், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இரண்டே கோர்தான். நாலு பக்கங்களைச் சேர்த்துத் திறந்தாலே திணற ஆரம்பித்துவிடும்.

இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் சிப்களில் இன்னும் கவனம் வேண்டும். ரைசன் 5 7520யூ, ரைசன் 5 7530யூ இரண்டும் பார்க்க அண்ணன் தம்பி போல இருக்கும். வித்தியாசம் மூன்றாவது இலக்கத்தில்தான், ஏனென்றால் உள்ளே இருப்பது எந்தத் தலைமுறை வடிவமைப்பு என்று இந்த 7000 வரிசையில் சொல்வது அதுதான். 2 என்றால் 2019இல் வந்த ஜென் 2. 3 என்றால் அதற்கு அடுத்த ஜென் 3. முன்னதில் நாலு கோர், பின்னதில் ஆறு. 'ரைசன் 5' என்று சொல்லி இரண்டையும் ஒரே மேசையில் அடுக்கி வைத்திருப்பார்கள்.

இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை 1972இல் திறந்தது இதே பினாங்கில், பாயான் லெப்பாஸில்தான். அந்தத் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் வேலை பார்த்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்த தாய்மார்கள் நம் குடும்பங்களில் எத்தனையோ பேர். சிப்பைக் கையால் தொட்டவர்கள் வீட்டிலேயே, சிப்பின் எண்ணைப் படிக்கத் தெரியாமல் ஏமாறுகிறோமே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அடுத்தது ரேமும் சேமிப்பும். திறந்திருக்கும் வேலைகளைத் தற்காலிகமாக வைத்திருப்பது ரேம், கோப்புகளை நிரந்தரமாக வைத்திருப்பது சேமிப்பு. இதில் அடிபட்டவன் நான். 2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது அண்ணன் மகனுக்கு இணைய வகுப்புக்காக அவசர அவசரமாக ஒன்று வாங்கினேன். 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பு. "பள்ளிக்கூடப் பிள்ளைக்கு இது போதும்" என்று சொன்னார்கள், நம்பினேன். விண்டோஸ் தனக்கென்று எடுத்துக்கொண்டது போக மிஞ்சிய இடம் சில மாதங்களில் நிரம்பிவிட்டது. அப்டேட் போட இடமில்லை, பென்டிரைவ் செருகு என்று கேட்டது. ஆசிரியர் கேள்வி கேட்டு முடிக்கும்போது இவன் திரையில் படம் உறைந்து நிற்கும். கேமராவை மூடிவிட்டுப் பிள்ளை அழுததை நான் மறக்கவில்லை.

விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்ச அளவே 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்புதான். அது ஏறி இயங்குவதற்கான அளவு. வீட்டில் நிம்மதியாக உட்கார்ந்து வேலை பார்ப்பதற்கான அளவு அல்ல. 8 ஜிபிக்குக் கீழே போகாதீர்கள், ஐந்தாறு வருடம் உழைக்க வேண்டும் என்றால் 16 நல்லது. சேமிப்பு 256 ஜிபி எஸ்எஸ்டியாவது இருக்கட்டும். 'இஎம்எம்சி' என்ற சொல் கண்ணில் பட்டால் விலகிவிடுங்கள். அதுவும் ஒரு வகைச் சேமிப்புதான், ஆனால் எஸ்எஸ்டியைவிட மெதுவானது, போர்டிலேயே பற்ற வைத்திருப்பதால் பிறகு மாற்றவும் முடியாது. இணையக் கடைகளில் மெமரி கார்டையும் இணையத்தில் தரும் ஒரு வருட மேகச் சேமிப்பையும் கூட்டிப் பெரிய எண்ணாகப் போட்டிருப்பார்கள். அந்தக் கூட்டலைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

சரி, இதையெல்லாம் கடையில் எப்படிச் சரிபார்ப்பது? மறு வாரம் அக்காவோடு நானே ஜார்ஜ் டவுனில் இருக்கும் கொம்தார் பக்கம் போனேன். காட்சிக்கு வைத்திருந்த செட்டில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய் சிபியூவைத் தொட்டால் முழு எண்ணும் வலது பக்க மேல் மூலையில் தெரியும். மெமரியைத் தொட்டால் எத்தனை ஜிபி என்பதோடு, கீழே ஃபார்ம் ஃபேக்டர் என்று ஒரு வரி இருக்கும். அங்கே 'எஸ்ஓடிஐஎம்எம்' என்று இருந்தால் கழற்றி மாற்றக்கூடிய ரேம். 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தால் போர்டோடு ஒட்டியது, வாங்கும்போது இருப்பதுதான் கடைசிவரை. டிஸ்க்கைத் தொட்டால் 'எஸ்எஸ்டி, என்விஎம்இ' என்று காட்ட வேண்டும். மொத்தமே ஒரு நிமிட வேலை. அக்கா மூன்று செட்டில் தானே செய்து பார்த்தார். மூன்றாவது செட்டில் விலைச் சீட்டு 16 ஜிபி என்றது, திரை 8 என்றது. கடைக்காரரிடம் காட்டினோம், சீட்டு மாறிவிட்டது என்று உடனே திருத்தினார். அப்புறம், பணம் கட்டுமுன் உங்களுக்குத் தரப்போகும் பெட்டியைத் திறந்து, அந்த செட்டிலும் இதையே பாருங்கள். காட்சிக்கு இருப்பதும் பெட்டிக்குள் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

திரையை யாரும் கேட்பதே இல்லை. நாள் முழுக்கக் கண் பார்ப்பது அதைத்தானே! திரையின் புள்ளிக் கணக்கு 1366க்கு 768 என்று இருந்தால் எழுத்து சொரசொரவென்று தெரியும், வயதானவர்களுக்கு ரொம்பச் சிரமம். 1920க்கு 1080 கேளுங்கள். பிறகு மூடியைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, நின்றுகொண்டு பாருங்கள். நிறம் வெளுத்தோ கறுத்தோ மாறினால் அது மட்டமான பேனல். ஐபிஎஸ் என்ற வகைத் திரை அப்படி மாறாது.

ஆஃபீஸ், ஆன்டிவைரஸ், தமிழ் எழுத்துரு எல்லாம் சேர்த்து 'பேக்கேஜ்' என்று கூடுதல் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அது திருட்டு ஆஃபீஸாக இருந்தால் அதோடு என்ன உள்ளே வரும் என்று யாருக்கும் தெரியாது, நீங்கள் வங்கிக் கணக்கைத் திறக்கப் போவதும் அதே கணினியில்தான். ஆஃபீஸுக்குப் பதிலாக லிப்ரே ஆஃபீஸ் இலவசம். வைரஸைத் தடுக்க விண்டோஸிலேயே டிஃபெண்டர் இருக்கிறது, வீட்டுக்கு அது போதும். தமிழுக்கும் எதையும் வாங்கத் தேவையில்லை. 2019 மே மாத அப்டேட்டிலிருந்து தமிழ் 99, அஞ்சல் இரண்டு விசைப்பலகைகளும் விண்டோஸோடு வருகின்றன. அந்த அஞ்சல் முறை நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலின் வழி வந்தது என்பதில் எனக்குத் தனிப் பெருமை. கோயில் கடிதங்களை எல்லாம் அக்காதான் தட்டச்சு செய்கிறார். செட்டிங்ஸில் தமிழ் மொழியைச் சேர்த்துக் கொடுத்தேன், அன்றைக்கே எழுத ஆரம்பித்துவிட்டார்.

உத்தரவாதம் யாருடையது என்று கேளுங்கள். கடையின் உத்தரவாதம் வேறு, மலேசியாவில் தயாரிப்பாளர் தரும் உத்தரவாதம் வேறு. சார்ஜரில் நம் மூன்று சதுர முனை பிளக் இல்லாமல் அடாப்டர் ஒன்றைக் கூடக் கொடுத்தால், வெளிநாட்டுச் சந்தைக்கான செட்டாக இருக்கலாம். தொடர் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். செட்டுக்கு இரண்டு வருடம் என்றாலும் பேட்டரிக்குப் பல நிறுவனங்கள் ஒரு வருடம்தான் தருகின்றன, அதையும் தனியாகக் கேளுங்கள்.

ரசீதை வீட்டுக்கு வந்ததும் படம் எடுத்து வையுங்கள், வெப்பத்தாள் ரசீது நம் ஊர் சூட்டில் சீக்கிரமே வெளுத்துவிடும். வருமான வரி கட்டுகிறவர்களுக்கு வாழ்க்கைமுறைச் செலவுக்கான 2,500 ரிங்கிட் வரிக் கழிவில் சொந்தக் கணினியும் சேரும், அதற்கு ரசீதை ஏழு வருடம் வைத்திருக்க வேண்டும். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற அறிவிப்பைப் பார்த்துப் பயப்படாதீர்கள். பழுதான பொருளை விற்ற பொறுப்பிலிருந்து 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் கடைக்காரரை அப்படி விட்டுவிடாது. பேசித் தீரவில்லை என்றால், மூன்று வருடத்துக்குள் பயனீட்டாளர் திரிபுனலில், அதாவது தீர்ப்பாயத்தில், மனு போடலாம். 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வக்கீல் தேவையில்லை, மனுக் கட்டணம் 5 ரிங்கிட்.